மோதல் தவிர்ப்பா, மோதற்காப்பா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:
வணக்கம். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை நடத்தும் கணினி வகுப்புக்குத் தமிழில் கையேடு தயாராகிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கணினிகளை இணைக்கும் பழைய ஈதர்நெட் கம்பியில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதிக்கொள்ளும். அனுப்பிக்கொண்டே கேட்பதால் மோதியது உடனே தெரிந்துவிடும். வைஃபையில் சொந்த அலையின் வலு மற்றதை அமுக்கிவிடும், அனுப்பும்போது கேட்க முடியாது. அதனால் முன்கூட்டியே ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். முதலாவது 'மோதல் கண்டறிதல்', இரண்டாவது 'மோதல் தவிர்ப்பு'. சரிதானா?

தாப்பா தமிழாசிரியர்:
தம்பி, பொருள் சரி, புணர்ச்சி தவறு. மோதலைத் தவிர்த்தல் என்பது வேற்றுமைத் தொகை. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண், அதுபோல 'மோதற்றவிர்ப்பு'. அதைவிட எனக்குப் பிடித்தது 'மோதற்காப்பு'. 'வருமுன்னர்க் காவாதான்' என்று 435ஆம் குறளில் வள்ளுவர் சொன்ன காத்தல் இதுதானே? திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், நூலுக்குக் காப்புச் செய்யுள் பாடுவதும் இடையூறு வருமுன் செய்வதே.

கிள்ளான் ஆசிரியை:
ஐயா, மோதற்றவிர்ப்பு என்று எழுதினால் பிள்ளைகள் 'மோதல் அற்ற' என்று பிரித்துப் படிப்பார்கள். மோதலுக்குப் பதில் 'முட்டல்' எளிமையாக இருக்காதா?

தாப்பா தமிழாசிரியர்:
முட்டுக்கட்டை, முட்டுப்பாடு எல்லாம் தடையையும் தட்டுப்பாட்டையும் சொல்பவை. வேண்டாம் அம்மா.

ஈப்போ பிணையத் தொழில்நுட்பர்:
ஐயா, காப்பு என்றதும் எங்கள் ஆட்களுக்கு வேண்டாத தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வால்தான் ஞாபகம் வரும். மோதலே நடக்காது என்ற எண்ணத்தையும் அது கொடுத்துவிடும். வைஃபை மோதலைக் குறைக்கப் பார்க்கிறது, ஒழிப்பதில்லை. தோட்டத்து ஒற்றைவழிப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் செம்பனை லாரி வருகிறது, வளைவு மறைக்கிறது, ஒருவரை ஒருவர் தெரியாது. பாலத்தில் நிற்பவர் கை காட்டினால்தான் ஒன்று போகும். ஒரே அணுகுமுனையோடு, அதாவது வைஃபை பெட்டியோடு, பேசினாலும் ஒன்றையொன்று கேட்க முடியாத இரண்டு கணினிகளுக்கும் இதே கதிதான். தேவைப்பட்டால் ஒன்று அனுமதி கேட்கலாம், அணுகுமுனை சரி என்று சொன்னதும் மற்றது அடங்கி இருக்கும். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வராவிட்டால் திரும்ப அனுப்பும்.

இன்னொன்று, பிழையையும் மோதலையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள். ஈதர்நெட்டில் தரவு போகும் ஒவ்வொரு கட்டும் ஒரு சட்டகம். அதன் கடைசி 4 பைட்டில் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால், வாங்கும் பக்கம் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், யாருக்கும் சொல்லாது. மறுபடி அனுப்ப வைப்பது மேலடுக்கில் இருக்கும் டிசிபி என்ற விதிமுறை. மோதல் நடக்காமலேயே பழுதான கம்பியால் பிழை வரலாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:
நன்றி அண்ணே, தலைப்பைப் பிரித்துவிட்டேன். நான்கு பேர் 'மோதல் தவிர்ப்பு' போதும் என்று எழுதியிருக்கிறார்கள், புணர்ச்சி இல்லாமலேயே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். மோதிய பிறகு ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி முயல்வதற்கு 'பின்வாங்கல்' என்று போட்டிருக்கிறேன்.

தாப்பா தமிழாசிரியர்:
அச்சுக்குக் கொடுங்கள், தடுக்கவில்லை. என் வகுப்பில் மோதற்காப்புதான். ஆனால் பின்வாங்கல் தோற்றவன் செய்வது. பழைய ஈதர்நெட் 16 முறை முயன்ற பிறகே கைவிடுகிறது, முதல் பத்து மோதல் வரை காத்திருக்கும் நேரத்தின் எல்லையை ஒவ்வொரு மோதலுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு போகிறது. அது 'ஒதுங்கல்'. இதையாவது மாற்றுங்கள், இன்னும் வியாழக்கிழமை முழுதாக இருக்கிறது.