காட்டுப் புகையிலை: தொட்டவர்கள் சொல்கிறோம்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். பாதையோரச் சரிவில் என் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது அந்தச் செடி. உச்சியில் அடுக்கடுக்காக வெள்ளைப் பூக்கள், கீழே நீள நீளமாக இலைகள். கூட வந்த ஊர்ப் பெரியவர், "அது காட்டுப் புகையிலை தம்பி, கை வைக்காதீங்க" என்றார். அதற்குள் காய்ந்த இலை ஒன்றை நொறுக்கிவிட்டேன். தூள் மூக்கில் ஏறியதுதான் தெரியும், தும்மல் நிற்கவேயில்லை. தொண்டை எரிச்சல் சாயங்காலம் வரை இருந்தது.

இலைச் சாயலால்தான் இந்தப் பெயர். வயலில் விளையும் புகையிலை கத்தரிக் குடும்பம். இது லோபீலியா நிகோட்டியானிஃபோலியா, வேறு குடும்பம். இலையை ஒடித்தால் பால் வரும். தண்டுக்குள் வெறும் கூடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் வளர்கிறது. இரைப்புக்கு அந்தக் காலத்தில் இதன் இலையைக் கொடுப்பார்களாம். "ஆனா, அளவு தெரிஞ்சவங்கதான் கொடுப்பாங்க" என்று பெரியவர் இரண்டு தடவை சொன்னார்.

*

இரைப்பு என்றதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று இந்த இலையில் கஷாயம் வைத்து ஒரு டம்ளர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி, வியர்வை, தலைசுற்றல். அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தோம். அப்புறம்தான் இந்தச் செடியில் இருக்கும் லோபெலின் என்ற வேதிப்பொருளைப் பற்றித் தேடிப் படித்தேன். உடலில் நிகோட்டின் போய் ஒட்டும் அதே இடங்களில் இதுவும் வேலை செய்கிறது. கொஞ்சமாகப் போனால் மூச்சைத் தூண்டும், அளவு மீறினால் அதே மூச்சை அடக்கிவிடும். சிகரெட்டை விடுவதற்கென்று லோபெலின் மாத்திரைகள்கூட விற்றிருக்கிறார்கள். பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவில் 1993-இல் அவற்றை நிறுத்தினார்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு கைப்பிடி இலையில் எவ்வளவு லோபெலின் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

*

எங்களுக்கு நீலகிரி. தேள் கொட்டினால் பாட்டி இதன் வேரை அரைத்துக் கடிவாயில் பூசுவார். உள்ளுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. இன்றைக்குத் தேள் கொட்டினால் நான் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன், ஆனாலும் அவருடைய கவனம் எனக்குப் பெரிய விஷயம். வேரைத் தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். அரைத்த கல்லைத் தனியாக வைத்திருந்தார், சமையலுக்கு அதை எடுக்கவே விடமாட்டார்.