யானைமலையில் ஒரு நாள்: அம்மாவையும் மகளையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி (திருச்சிக்காரன்):
மதுரைக்குள் நுழையும் முன் மேலூர் சாலையில் யானை படுத்திருப்பது போல ஒரே கல்லாகக் கிடக்குமே, அந்த மலையை இருபது வருடமாக பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்க்கிறேன். இந்த முறை இறங்கி நடக்க ஆசை. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 10. ஒரு நாள் போதுமா?

பதில் 1 (நரசிங்கம் பேரன்):
தாராளமாகப் போதும் அண்ணே. என் அம்மாச்சி ஊர் அந்த மலையடிவாரம்தான். ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். மொட்டைப் பாறை, பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது.

முதலில் நரசிங்கப் பெருமாள் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடையத் தொடங்கியது. பணி முடியும் முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார். 770ஆம் ஆண்டின் அந்தக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த கதையை மகளுக்குச் சொல்லுங்கள். பக்கத்திலேயே முருகனும் தெய்வானையும் அமர்ந்திருக்கும் லாடன் கோயில். சின்னக் குடைவரை, தவறவிட வேண்டாம்.

அப்புறம் மேலே சமணச் சிற்பங்கள். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி (சமணர்களின் பெண் தெய்வம்) என்று வரிசையாக இருக்கும். சுண்ணச்சாந்து பூசி வண்ணம் தீட்டிய தடம்கூடத் தெரியும். சமணர்கள் மதுரை மேல் ஏவிய யானையைச் சொக்கநாதர் அம்பெய்து கல்லாக்கினார் என்றுதான் அம்மாச்சி கதை சொல்லுவார். ஆனால் அந்தச் சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்தை (பழைய தமிழ் எழுத்து முறை) படித்தால் 'நரசிங்கமங்கலத்து சபையார் ரட்சை' என்று வருகிறது. பெருமாள் கோயில் ஊரின் சபையே சமணத் திருமேனிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது! இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 2010இல் இங்கே சிற்ப நகரம் அமைக்கும் பேச்சு வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றதும், திட்டம் கைவிடப்பட்டதும் எனக்கு அதே ரட்சையாகத்தான் தெரிகிறது.

பதில் 2 (மாட்டுத்தாவணி நடையர்):
மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம், பாறை வழுக்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். மேலே கடை கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கோயில் குளத்துப் பக்கம் உட்காரட்டும். அங்கிருந்து பார்த்தாலும் மலை கண்ணை நிறைக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சாமியை முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

திருச்சிக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் சொன்னேன். "குளத்தோரம் உட்காரவா அவ்வளவு தூரம் வரேன்? அந்த எழுத்து இருக்கிற இடம் வரைக்கும் ஏறுவேன்" என்கிறார். படி எப்படி இருக்கும்?

நரசிங்கம் பேரன்:
பாறையிலேயே வெட்டிய படிகள், சில இடங்களில் செங்குத்து. அவசரப்படாமல், நடுவே இரண்டு முறை உட்கார்ந்து ஏறட்டும். இறங்கும்போது நீங்கள் அம்மாவுக்கு முன்னால் இறங்குங்கள் அண்ணே. சனிக்கிழமை என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன், அந்த வரியைக் காட்டுகிறேன்.