நான் எழுதிய நிரல்களும் அவற்றைத் தேடி வந்தவர்களும்

சம்பளத்துக்கு எழுதிய நிரல்களைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். படிப்பு முடிந்த கையோடு சென்னையில் வேலை. முதலில் ஜாவாவில் காப்பீட்டுக் கணக்குகள், அப்புறம் ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைப் பார்க்கும் மென்பொருள், இப்போது பைத்தானில் தரவுகளை ஒழுங்குபடுத்தும் வேலை. நல்ல வேலைகள்தான், வீட்டுக்கடன் அதில்தான் அடைகிறது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் ராத்திரி உட்கார்ந்து தமிழுக்காக எழுதிய நிரல்கள். அவற்றைப் பற்றித்தான் இங்கே பகிர வேண்டும் என்று தோன்றியது.

முதலில் எழுதியது ஓர் எழுத்துரு மாற்றி, பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழை யூனிகோடுக்கு மாற்றுவது. புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி பின்னணி: எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண்களைத் தரும் யூனிகோடு பரவும் முன், எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குறிமுறை தமிழுக்கு ஊருக்கு ஒன்றாக இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாப், டாம் என்று இரண்டை அறிவித்தது. மின்னஞ்சல் மடற்குழுக்களில் திஸ்கி என்ற குறிமுறை ஓடியது. ஈழத்தமிழர்களிடம் பாமினி என்ற எழுத்துரு. டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைகளிலோ, எழுத்துரு விற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனிக் கணக்கு. பாமினியில் 'தமிழ்' என்று தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். இப்படி அடைபட்டுக் கிடக்கும் எழுத்து கொஞ்சநஞ்சம் இல்லை.

மாற்றியை இணையத்தில் போட்டுச் சில மாதங்களில் கும்பகோணத்திலிருந்து ஒரு டிடிபி கடைக்காரர் ஃபோன் செய்தார். ஒரு சிற்றிதழின் பழைய இதழ்கள் முழுவதும் அவரிடம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இருந்தன. அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, "தம்பி, உங்க மாத்தியில 'வெள்ளம்' ஒழுங்கா வருதா?" என்றுதான்.

அந்தக் கேள்வியிலேயே ஆளைப் புரிந்துகொண்டேன். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், ஒரே எண். ஒற்றைக்கொம்பு, வகரம், ளகர வடிவம் என்று மூன்று எண்கள் வரிசையாக வந்தால், அது 'வெள'வா 'வௌ'வா என்று நிரல்தான் முடிவு செய்ய வேண்டும். பல மாற்றிகள் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்று கோணலாகி இன்றைக்கும் எத்தனையோ வலைப்பக்கங்களில் நிற்கிறது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம்தான் என்று ஒரு விதி போட்டால் வெள்ளமும் வெளியீடும் தப்பிக்கும். கௌரவத்துக்கும் பௌர்ணமிக்கும் சேதம் வராது. அந்த விதி என் மாற்றியில் முதலிலிருந்தே இருந்தது. அவருக்குச் சந்தோஷம். ஒரு சிறுகதையை அனுப்பிவைத்தார்.

அசல் சிக்கல் அந்தக் கதையில் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சுவழக்கில் உரையாடல். 'கெளம்பு', 'வெளக்கு', 'வெளயாட்டு' என்று பக்கத்துக்குப் பக்கம். இங்கே ளகரத்துக்குப் பின்னால் இன்னொரு மெய் வருகிறது, கௌரவத்தில் வருவது மாதிரியே. விதிக்கு இரண்டும் ஒன்றுதான். சொற்பட்டியல் போடாமல் வேறு வழியே இல்லை. நான் அகராதிகளில் தேடினேன். பேச்சு வடிவங்கள் அவற்றில் எங்கே இருக்கும்? கடைசியில் பட்டியலைக் கொடுத்தவர் அவர்தான். பல வருஷம் சிறுகதைகளுக்கு மெய்ப்புப் பார்த்த கண். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, அன்றைக்குக் கண்ணில் பட்ட சொற்களை ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் தட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் 'கெளவி' என்றார். கிழவியைக் கதையில் அப்படி எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் சேர்க்கப் போனேன். "இருங்க தம்பி, நாய் கௌவி இழுத்துச்சுன்னும் எழுதுவாங்களே" என்றார். பழைய எழுத்துருவில் கிழவியும் நாய் பிடித்ததும் ஒரே எண் வரிசை. முன்பின் வாக்கியத்தைப் படிக்காமல் எந்த நிரலும் இதைத் தீர்க்க முடியாது. அதனால் இப்படிப்பட்ட சொற்களை மாற்றி தானாகத் தொடாது. மஞ்சள் வண்ணம் பூசி நிறுத்திவிடும், படிக்கிறவர் முடிவு செய்யட்டும் என்று. எந்த இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நிரலாக்கம்தான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கணினிப் படிப்பே படிக்காத அந்த அண்ணன்.

பின்னால் அவர் கேட்டாரென்று எதிர்த் திசையிலும், யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கும் ஒன்று செய்தேன். எழுத்தாளர்கள் யூனிகோடில் மின்னஞ்சல் அனுப்புவார்கள், அச்சு வேலை பழைய எழுத்துருவில் நடக்கும். அது சுலபமான வேலை. இன்றைக்கும் அதிகம் பேர் பயன்படுத்துவது அதைத்தான்.

இன்னொருவர் டொராண்டோவில் இருக்கும் ஓர் அக்கா, பூர்வீகம் யாழ்ப்பாணம். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கையை வேர்டு கோப்புகளில் பாமினியில் தட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். "தம்பி, அப்பா எழுதினதெல்லாம் இருக்கு, ஒண்டும் வாசிக்கேலாமக் கிடக்கு" என்று குரல்பதிவு அனுப்பினார். பார்த்தால், நடுநடுவே ஆங்கிலச் சொற்கள்: வேலை பார்த்த இடங்கள், மருந்துப் பெயர்கள், கடிதங்களின் பகுதிகள். பாமினி ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழை ஏற்றியிருப்பதால், மொத்தமாக மாற்றினால் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

இதற்கு வழி கோப்புக்குள்ளேயே இருந்தது. வேர்டின் புதிய வகைக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல். அதில் ஒவ்வொரு சிறு துண்டு எழுத்துக்கும் எந்த எழுத்துரு என்று எழுதியிருக்கும். பழைய கோப்புகளை லிப்ரே ஆபிஸ் வழியாகப் புதிய வகைக்கு மாற்றிக்கொண்டு, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டேன். அனுப்பிய மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு குரல்பதிவு. அப்பா சிறு வயதில் ரயிலில் யாழ்ப்பாணம் போன பகுதியை வாசித்திருந்தார்: பளை, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி. ஊர்ப் பெயர் ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

நடுவில் சின்னச் சின்னதாகச் சில. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் நூலுக்குச் சொல்லடைவு (அகரவரிசைச் சொற்பட்டியல்) போட வந்தார். யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் நகரத்தை அடுத்து உடனே னகரம் வரும், ழகரம் வகரத்துக்கு முன்னால் போய் நிற்கும், புள்ளி வைத்த எழுத்துகள் கடைசிக்குத் தள்ளப்படும். ஐயா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஐசியூ என்ற நிரல் நூலகத்தில் தமிழ் அகரவரிசை விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அதைக் கூப்பிட்டால் போதும். பைத்தானில் எழுதுகிறவர்கள் எழுத்துகளை எண்ண ஓபன்-தமிழ் நூலகத்தையும் பாருங்கள். வெறும் பைத்தானிடம் 'தமிழ்' எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்று சொல்லும், குறிகளையும் சேர்த்து எண்ணுவதால். நூலகம் மூன்று என்று சரியாகச் சொல்லும். ஓபன்-தமிழைச் செய்து கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய காலத்திலிருந்தே தமிழ்க் கணிமை இப்படித் தன்னார்வலர் தோளில்தான் வந்திருக்கிறது. அதை நன்றியோடு சொல்லாமல் இருக்க முடியாது.

இப்போது கையில் இருப்பது பழைய அச்சுப் புத்தகங்களை எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) மூலம் படிக்கவைக்கும் வேலை. இன்றைய அச்சை இருக்கிற கருவிகள் நன்றாகவே படிக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகம் என்றால் தடுமாற்றம். அவற்றில் ணா, றா, னா ஒவ்வொன்றும் துணைக்கால் இல்லாமல் ஒட்டிய தனி வடிவமாகச் சுழிந்திருக்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் மேலே யானைத் துதிக்கை மாதிரி கொம்பு. போதாக்குறைக்கு, 'ர்' என்பதைத் துணைக்கால் மேல் புள்ளி வைத்தது போலவே அச்சடித்திருப்பார்கள். நான் பயன்படுத்தும் டெசராக்ட் என்ற எழுத்துணரி நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலைப்பின்னல் முறையில் இயங்குவதால், வரிவரியாகப் படமும் அதற்குரிய சரியான எழுத்தும் கொடுத்தால் கற்றுக்கொள்கிறது. லகர ஐகாரம் இப்போது ஓரளவு பிடிபட்டுவிட்டது. ணாவையும் றாவையும் இன்னும் குழப்புகிறது. மங்கிய அச்சில் இரண்டின் சுழியும் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கும்பகோணத்து அண்ணன் கடையை மகனிடம் விட்டுவிட்டு இப்போது இதற்கும் மெய்ப்புப் பார்க்கிறார். இங்கே யாரிடமாவது 1978-க்கு முன் அச்சான, காப்புரிமை முடிந்த புத்தகங்கள் இருந்தால், குறிப்பாக ணா, றா அதிகம் வரும் உரைநடை என்றால், பக்கங்களை நேராக வைத்து வருடி (ஸ்கேன் செய்து) அனுப்புங்கள். ஃபோன் கேமராவில் எடுத்தது வேண்டாம், ஓரம் வளைந்துவிடுகிறது. தட்டச்சு நாங்களே செய்துகொள்கிறோம்.