கிளட்சை விட்டால் டயர் சுழல்கிறது, ஆர்பிஎம்மைக் குறைத்தால் என்ஜின் அமுங்குகிறது: டிராக் (drag) ஓட்டத்தில், அதாவது நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நேர்கோட்டுப் பந்தயத்தில், காரை எப்படிக் கிளப்புவது?

கேள்வி

வணக்கம். என்னுடையது அன்றாடம் சாலையில் ஓட்டும் பின்சக்கர இயக்கக் கார். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உண்டு. டர்போ பொருத்திய பிறகு என்ஜின் 600 குதிரைத்திறனும் 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. ஆறு கியர் மேனுவல். முதல் கியர் விகிதம் 2.66, டிஃபரென்ஷியல் விகிதம் 3.73. என்னையும் சேர்த்து எடை 1,700 கிலோ. பின்னால் 26 அங்குல விட்டமுள்ள டிராக் ரேடியல் டயர்களை 30 பிஎஸ்ஐ காற்றில் வைத்திருக்கிறேன். கிளட்ச் செராமிக் பட்டன் வகை.

கால் மைல் ஓட்டத்தை 12.4 வினாடியில் முடிக்கிறேன். முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் காட்டுகிறது; அந்த வேகத்துக்கு 11 வினாடிகளில் வர வேண்டும் என்பது எனக்கே தெரிகிறது. முதல் அறுபதடிக்கு மட்டும் 2.2 வினாடி ஆகிறது. டூ ஸ்டெப்பை (நிற்கும்போது என்ஜின் சுழற்சியைக் குறித்த அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடிக்கும் கருவி) 4,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுழற்சி) வைத்துக் கிளட்சை விட்டால் டயர் சுழல்கிறது. 5,500-க்கு உயர்த்தியபோது நிலைமை இன்னும் மோசமாகி, பின்பகுதி தடதடவென்று குதிக்கவும் தொடங்கியது. 3,000-க்கு இறக்கினால், டர்போ அழுத்தம் எழுவதற்கு முன்பே என்ஜின் அமுங்கிவிடுகிறது. சரியான ஆர்பிஎம் எது என்று யாராவது சொல்ல முடியுமா?

முதல் மறுமொழி

ஆர்பிஎம்மைப் பிறகு பார்க்கலாம். 30 பிஎஸ்ஐ என்பது சாலைக்கான அழுத்தம்; டிராக் ரேடியலுக்கு அது மிக அதிகம். 20 பிஎஸ்ஐயில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். அளவைப் பர்ன்அவுட் (கிளம்பும் முன் நின்றபடியே பின்சக்கரங்களைச் சுழற்றி டயரைச் சூடாக்குவது) முடிந்து டயர் சூடாக இருக்கும்போது எடுங்கள். ஓரங்கள் மட்டும் உரசி நடுப்பகுதி உரசாமல் இருந்தால் காற்று தேவைக்கும் குறைந்துவிட்டது என்று பொருள்.

பர்ன்அவுட் எப்படிச் செய்கிறீர்கள்? தண்ணீர்ப் பகுதிக்குள் முன்சக்கரங்களை விடாமல் சுற்றி வந்து, பின்சக்கரங்களை மட்டும் ஈரப்படுத்துங்கள். முன் டயரின் பள்ளங்களில் தங்கும் தண்ணீர், நீங்கள் கிளம்ப வேண்டிய இடத்திலேயே சொட்டும். முதல் கியரில் சக்கரம் போதிய வேகத்தை எட்டாது என்பதால் இரண்டாம் கியரில் சுழற்றுங்கள். முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தும் லைன் லாக் இருந்தால் இது எளிது. புகை இலேசாக எழுந்ததும் முன்னே நகர்ந்துவிடுங்கள். பார்வையாளர்களுக்காகப் புகை போடுவது தனிக் கலை, அது நேரத்தைக் குறைக்காது.

இரண்டாவது மறுமொழி

மேலே சொன்ன இரண்டும் சரிதான், ஆனால் கேள்வியிலேயே ஒரு பிழை இருப்பதாக நினைக்கிறேன். "சரியான ஆர்பிஎம்" ஒன்று இருப்பதாகவும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் காலை எடுத்துவிடலாம் என்றும் நீங்கள் எண்ணுகிறீர்கள். உங்கள் எண்களையே கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் கியரையும் டிஃபரென்ஷியலையும் பெருக்கினால் ஏறக்குறைய 9.9 வருகிறது. கிளட்ச் முழுவதும் பிடித்த நிலையில் 4,500 ஆர்பிஎம் என்றால், உங்கள் டயர் அளவுக்குக் கார் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆனால் கார் நிற்கிறது. அறுபதடியை 2.2 வினாடியில் கடந்தால் சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 7.6 மீட்டர்; அந்த முடுக்கத்தில் 56 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரண்டு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதாவது, அறுபதடியின் பெரும்பகுதி வரை என்ஜினின் சுழற்சிக்கும் காரின் வேகத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்துகொண்டே இருக்கிறது. அந்த இடைவெளியை மூன்றே வழிகளில் அடைக்க முடியும்: டயர் வழுக்கும், அல்லது கிளட்ச் வழுக்கும், அல்லது என்ஜின் சுழற்சி விழும். நீங்கள் கிளட்சைச் சட்டென்று விடுவதால் கிளட்ச் வழுக்க வழியில்லை. ஆகவே 4,500-இல் டயர் வழுக்குகிறது, 3,000-இல் சுழற்சி விழுகிறது. இரண்டும் ஒரே கோளாறுதான்.

விசையையும் பாருங்கள். 1,700 கிலோவை அந்த முடுக்கத்தில் தள்ள சுமார் 12,900 நியூட்டன் போதும். உங்கள் என்ஜினோ, கியர்ப்பெட்டி இழப்பைக் கழித்த பிறகும் உச்ச முறுக்குவிசையில் 17,000 நியூட்டன் அளவுக்குச் சக்கரத்தில் தரக்கூடியது. போதாததற்கு, என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தில் தேங்கியுள்ள ஆற்றல் ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 4,500-இலிருந்து 5,500-க்குப் போனபோது அதை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கி, ஒரே நொடியில் டயரின் மீது கொட்டியிருக்கிறீர்கள். பயாஸ் கட்டமைப்புள்ள (உள் இழைகள் குறுக்காகச் செல்லும்) ஸ்லிக் டயரின், அதாவது பள்ளமற்ற பந்தய டயரின், பக்கச்சுவர் சுருங்கி அந்த அடியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். சற்றுச் சுழன்றாலும் மீண்டும் பிடிக்கும். ரேடியலின் பக்கச்சுவர் விறைப்பானது. அது பிடியை ஒருமுறை விட்டுவிட்டால் பெரும்பாலும் அந்த ஓட்டம் அவ்வளவுதான்.

ஆகவே வழுக்க வேண்டியது கிளட்ச். டூ ஸ்டெப்பை 4,000-இல் வையுங்கள். கிளட்ச் மிதியை அது கவ்வத் தொடங்கும் இடம் வரை விரைவாக மேலே விடுங்கள். அங்கிருந்து மீதித் தூரத்தை ஏறக்குறைய ஒரு வினாடி எடுத்துக்கொண்டு சீராக விடுங்கள். கால் ஆக்சிலரேட்டரில் இருக்கட்டும். ஆனால் முழுவதும் அழுத்துவது, கார் கனமாக முன்னே நகர்வதை இருக்கை வழியே உணர்ந்த பிறகுதான். கவ்வும் இடம் எங்கே என்று காலுக்குத் தெரிய வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. விளக்குக்குப் பதறவும் வேண்டாம்: முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் உள்ள ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் ஓட்டக் கடிகாரம் தொடங்குகிறது. எதிரில் போட்டியாளர் இல்லாத பழகு நாளில் பச்சை விளக்கு எரிந்த பின் இரண்டு மூச்சு விட்டுவிட்டே கிளம்பினாலும் ஓட்ட நேரம் கெடாது.

மூன்றாவது மறுமொழி

முன்னவர் சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் செராமிக் பட்டன் கிளட்சை ஒரு வினாடி சீராக வழுக்க விடுவது சொல்வதற்குத்தான் எளிது. அது சுவிட்ச் போலத்தான் நடந்துகொள்ளும்: பிடிக்கும், அல்லது விடும். ஆர்கானிக் தகடு இன்னும் மென்மையாக வழுக்கும், ஆனால் வெப்பத்தைக் குறைவாகவே தாங்கும். வழுக்குவதற்கென்றே செய்யப்படும் பந்தயக் கிளட்சுகளில் சின்டர்டு இரும்புத் தகடு போடுவது இதனால்தான். கிளட்சை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், அதன் ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், சரிசெய்யக்கூடிய ஒரு வால்வைப் பொருத்தலாம். கால் எவ்வளவு அவசரப்பட்டாலும் கிளட்ச் மெதுவாகவே கவ்வும்.

பின்பகுதி குதிப்பதாகச் சொன்னீர்களே, அதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு, டயர் பிடிப்பதும் விடுவதுமாக நொடிக்குப் பலமுறை மாறும்போது ஒவ்வொரு பிடிப்பும் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டின் மீது விழும் சம்மட்டி அடி. குதிக்கத் தொடங்கிய கணமே காலை எடுங்கள். சமாளித்துவிடலாம் என்று அழுத்திக்கொண்டே போனால் ஷாஃப்ட் உடையும். டிஃபரென்ஷியலையும் சப்ஃபிரேமையும் தாங்கும் புஷ்களை விறைப்பானவையாக மாற்றுவதே முறையான தீர்வு. டயர் சூடும் காற்றும் சரியானாலே பாதி குறையும்.

கேட்டவர்

இரண்டு பழகு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். காற்றை 18 பிஎஸ்ஐயாகக் குறைத்து, பர்ன்அவுட்டை இரண்டாம் கியருக்கு மாற்றி, வால்வையும் பொருத்தி, 4,000-இல் கிளம்பினேன். முதல் மூன்று ஓட்டங்களில் கிளட்சை அளவுக்கு மீறி வழுக்க விட்டுவிட்டேன். நான்காவதில் அறுபதடிக்கு 1.94 வினாடி, மொத்தம் 11.95, முடிவு வேகம் மணிக்கு 201 கிலோமீட்டர். பின்பகுதி குதிக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை ஓடியதும் கிளட்ச் கருகும் வாடை வந்தது, மிதியின் கவ்வும் இடமும் நகர்ந்துவிட்டது. இது இயல்பா?

இரண்டாவது மறுமொழியாளர்

வெப்பத்தில் அப்படி நகரும். கவ்வும் இடம் பழைய நிலைக்குத் திரும்பும் வரை, குறைந்தது அரைமணி நேரம், அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள். வரிசையில் நகரும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி ஊராமல், இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நியூட்ரலில் நில்லுங்கள். ஆறிய பிறகும் மேல் கியரில் முழு அழுத்தத்தின்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால், தகடு தேய்ந்துவிட்டது, கழற்றிப் பார்த்துவிடுங்கள்.