காத்து நீச்சல் தொட்டி, போர் தண்ணி, யாராச்சும் வழி சொல்லுங்க

பசங்களுக்கு லீவு விட்டாச்சுன்னு காத்தடிக்கிற நீச்சல் தொட்டி ஒண்ணு வாங்கி கொல்லைப்புறத்துல போட்டேங்க. உள்ளளவு 6க்கு 4 அடி, ஒரு அடி தண்ணி விட்டாலே 680 லிட்டர் கிட்ட வருது, அதனாலதான் மொட்டை மாடி வேணாம்னுட்டேன். அடியில கல்லு குத்தாம இருக்க பழைய தார்ப்பாய விரிச்சிருக்கேன்.

போர் தண்ணிதான். விடும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர கரைச்சு ஊத்துனதும் அரை மணி நேரத்துல டீ டிகாஷன் கலருக்கு போயிடுச்சு! தண்ணியில இரும்புச்சத்து இருந்தா குளோரின் பட்டு இப்படி ஆகும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. இரும்ப எப்படி எடுக்குறது, படிகாரம் போட்டா தெளியுமா? பவுடர் போடலன்னா மூணாம் நாளே பாசி வழுக்குது, கொசு பயம் வேற. தினமும் மாத்த தண்ணிக்கு எங்க போறது.

இன்னொண்ணு, மேல் வளையத்துல காத்து இறங்குது, சோப்பு நுரை தடவி ஓட்டைய கண்டுபிடிச்சு பஞ்சர் கடை சொல்யூஷன்ல ஒட்டுனேன், மறுநாளே தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. பிவிசிக்கு என்ன பசை வாங்கணும்? சின்னவன் டவலும் கையுமா வாசல்லயே நிக்கிறான், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.