நட்ட இடம் தப்பாகிப் பிடுங்கி நட்டவர்கள் இங்கே வாருங்கள்

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே தோட்டத்தைக் காகிதத்தில் வரைந்துவிட்டேன். ஸ்கேல் வைத்து, கலர் பென்சிலில். இங்கே புல்தரை, அங்கே செம்பருத்தி வரிசை, மூலையில் முல்லைப் பந்தல். வரைந்து முடித்து இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் என் மயக்கம் உங்களுக்குப் புரியும்.

நான் வரைந்தது ஜூன் மாதத்தில். வீட்டுக்கு வடக்கே இருந்த சுவர் ஓரத்தில் காலையிலும் மாலையிலும் நல்ல வெயில் விழுந்தது. சரி, பூச்செடிக்கு ஏற்ற இடம் இதுதான் என்று நான்கு செம்பருத்தியும் இரண்டு காகிதப்பூவும் நட்டேன். அக்டோபர் வரை எல்லாம் ஜோராகத்தான் வந்தன. நவம்பரில் மொட்டுகள் உதிர ஆரம்பித்தன. உரம் போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், மருந்தும் அடித்தேன். ஒரு நாள் மதியம் சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அந்தச் சுவர் ஓரம் முழுக்க என் வீட்டின் நிழலிலேயே கிடக்கிறது.

பள்ளியில் படித்த பாடம்தான். சூரியன் ஜூன் 21 வாக்கில் வடக்கே கடைசி வரை போய்விட்டு, டிசம்பர் 21 வாக்கில் தெற்குக் கடைசிக்கு வந்துவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அந்தப் பருவத்தில் வீட்டு நிழல் வடக்குப் பக்கமாக நீண்டு விழும். தெற்கே இருப்பவர்கள் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

அப்புறம் ஒரு வருடம் புதிதாக எதையும் நடவில்லை. மாதம் ஒரு நாள், காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று வேளையும் நிழல் முடிகிற இடத்தில் சின்னக் குச்சி குத்திவைத்தேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் வருடம் முழுக்க ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழுகிற இடம் என் தோட்டத்தில் ஒரு கட்டில் அளவுக்குத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பூச்செடிகளை அங்கே மாற்றினேன். சுவர் ஓரத்தில் இப்போது பெரணியும் மருளும் மணிபிளாண்டும். ஒரே ஒரு செம்பருத்தி மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதால் பயந்துகொண்டு அங்கேயே விட்டிருக்கிறேன். பெரிய செடியைச் சாகடிக்காமல் பிடுங்கி நட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். உங்கள் இடம் தப்பின கதைகளையும் சொல்லுங்கள், எனக்கும் துணைக்கு ஆள் வேண்டாமா?

*

தம்பி, காகிதப்பூவுக்கு நிழல் மட்டும் காரணமாக இருந்திருக்காது. நீங்கள் தண்ணீரைக் கூட்டினேன் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் மூன்று வருடம் காகிதப்பூவைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன். தினமும் தண்ணீர், மாதம் ஒரு கூடை தொழு உரம். மாடி வரை ஏறியது, இலை இலையாக. பூ என்று பேருக்கு நான்கு. ஒரு தடவை மூன்று வாரம் வெளியூரில் மாட்டிக்கொண்டேன். செடி செத்திருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், இலையெல்லாம் வாடித் தொங்குகிறது, செடி முழுக்கக் கருஞ்சிவப்பு! நிறமாகத் தெரிவதெல்லாம் பூவே இல்லை, நிறம் மாறிய இலைகள். அதற்கு நடுவில் சின்னக் குழல் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் பூ. வெயில் நிறைய, தண்ணீர் கொஞ்சம் காய்ந்த மாதிரி, தழைச்சத்து குறைவு என்று வைத்தால்தான் அது நிறம் காட்டும்.

இதில் இடம் எங்கே வந்தது என்றால், என் காகிதப்பூவும் கல்வாழையும் ஒரே பாத்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல்வாழை குடிக்கக் குடிக்கக் கேட்கும். ஒன்றுக்கு ஊற்றினால் இன்னொன்றுக்கும் போகும். அப்புறம் செடிகளை நிறம் பார்த்துச் சேர்ப்பதை விட்டுவிட்டு, தாகம் பார்த்துச் சேர்த்தேன். குழாய்க்குப் பக்கத்தில் கல்வாழை, சேம்பு, வெட்டிவேர். கேட் ஓரத்தில், ஹோஸ் எட்டாத இடத்தில், காகிதப்பூ, அரளி, கற்றாழை. அரளியைப் பற்றி ஒரு வார்த்தை: வேர் முதல் பூ வரை எல்லாமே நஞ்சு. பேரன் தவழ ஆரம்பித்ததும் அதை மட்டும் எடுத்துவிட்டேன்.

*

அக்கா சொன்னது செடிக்கும் செடிக்கும் ஆகாத கதை. என் கதையில் எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆகாமல் போனது.

அவர்கள் வீட்டு ஜன்னல் நேராக எங்கள் முற்றத்தைப் பார்க்கும். சீக்கிரம் மறைப்பு வேண்டும் என்று மூங்கில் வைத்தேன். மூங்கிலில் இரண்டு விதம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒன்று கொத்தாக ஒரே இடத்தில் புடைத்து வளரும். இன்னொன்று மண்ணுக்கடியில் கிழங்கை ஓடவிட்டுக்கொண்டே போகும். என் கைக்குக் கிடைத்தது ஓடுகிற ஜாதி. இரண்டு வருடம் சாதுவாக இருந்தது. மூன்றாம் வருடம் முதல் மழைக்கு என் புல்தரை நடுவில் ஈட்டி மாதிரி ஒரு குருத்து. வேலியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி! அதற்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குருத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எதுவும் பேசவில்லை, காட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஐந்து வார இறுதிகள் போயின. கிழங்கு பெரும்பாலும் மேலாக ஒரு அடி ஆழத்துக்குள்தான் ஓடுகிறது, ஆனால் விட்ட ஒரு துண்டும் மறுபடி முளைக்கிறது. கடைசியில் வேலி ஓரமாக 75 செ.மீ. ஆழத்துக்குக் கால்வாய் மாதிரி வெட்டி, கெட்டியான பிளாஸ்டிக் தகடு இறக்கினேன். தகடு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கிழங்கு தகட்டின் மேலேறித் தாண்டிவிடும். என்னுடையது ஒரு தடவை தாண்டியது, அதனால் சொல்கிறேன். இப்போது வருடம் ஒரு தடவை சுற்றி நடந்து பார்த்து, எட்டிப் பார்ப்பதை வெட்டுகிறேன். மறைப்பு கேட்டு யார் வந்தாலும் கொத்து மூங்கிலைத்தான் சொல்வேன்.

வெட்டிய மூங்கிலை வீணாக்காமல் பேஷன் ஃப்ரூட் கொடிக்குப் பந்தல் கட்டினேன். அடுத்த கோடையில் காய்ந்த கழிகளில் துளைபோட்டுக்கொண்டு கருவண்டு மாதிரி பெரிய தேனீக்கள் குடிவந்துவிட்டன. தச்சுத் தேனீ. ரீங்காரம் கேட்டு வீட்டில் எல்லோரும் ஓட்டம். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியப் பெரும்பாலும் கொட்டாது. விரட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வருடம்தான் அந்தக் கொடி முதன்முறையாகக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பூ பெரிதல்லவா, சின்னத் தேனீ தேனைக் குடித்துவிட்டு மகரந்தத்தைத் தொடாமலே போய்விடும். இதற்கு முதுகு மேலே இடிக்கிறது. கழிகளை அப்படியே விட்டுவிட்டேன்.

*

என்னுடையது சின்னக் கதை. கேட்டிலிருந்து வாசல் வரை பாம்பு மாதிரி வளைத்துக் கல் பதித்தேன். ஒரு ஜீவன் அதில் நடக்கவில்லை. எல்லோரும் புல்லை மிதித்துக்கொண்டு நேராகப் போனார்கள், என் மனைவி உட்பட. நான்கு மாதத்தில் புல்லில் மொட்டைக் கோடு. கல்லைத் தூக்கி அந்தக் கோட்டின் மேலேயே போட்டுவிட்டேன். கல்லுக்குக் கல் நடு முதல் நடு வரை 60 செ.மீ. வைத்தேன், என் நடைக்குச் சரியாக இருக்கிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்க வேண்டுமென்றால் நாலடி அகலம் வேண்டும்.

*

என் அனுபவம் பாதிதான் இடம் பற்றியது, பரவாயில்லையா?

பின்வாசல் படி ஓரத்தில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தேன், கைக்கு எட்டுகிற மாதிரி. ஒரு நாள் இலையெல்லாம் காக்கை எச்சம். கழுவலாம் என்று தண்ணீர் தெளித்தால் எச்சம் நகர்கிறது! புழு. ஒரு வாரத்தில் அது பச்சையாக, விரல் தடிமனுக்கு ஆகிவிட்டது. கன்றில் பாதி இலை காலி. வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிவிட்டேன். அதற்குள் என் மகள் குச்சியால் ஒன்றைத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டிக்கொண்டு, குப்பென்று ஒரு வாடை. அவள் அலறிய அலறலில் நான் கரைசலைக் கொட்டிவிட்டேன்.

அப்புறம்தான் விசாரித்தேன், வால் நீண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி இனத்தின் புழுவாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம், அதனால் இவற்றைத் தேடி வந்து முட்டையிடும். பின்பக்க வேலி ஓரம் இன்னொரு கறிவேப்பிலை நட்டு, புழுக்களை இலையோடு கிள்ளி அங்கே மாற்றினேன். படி ஓரத்துக் கன்று எனக்கு, வேலி ஓரத்துக் கன்று அவைகளுக்கு. அவை இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, இன்னும் இரண்டுக்கும்தான் வருகின்றன. கூட்டுப்புழு ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தோம். பதினோராம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே மகள் கூப்பிட்டாள். வெளியே வந்து இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது.

*

முதலில் கேட்டவருக்கு: ஆள் உயரச் செம்பருத்தி தாராளமாகப் பிழைக்கும், அவசரப்படாவிட்டால்.

நான் ஒரு மாமரத்தை அவசரத்தில் கெடுத்தவன். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று ஒட்டுக்கன்றை ஆழமாக இறக்கி, ஒட்டுக்கட்டு வரை மண்ணை மூடி, மேலே சருகைக் கோபுரமாகக் குவித்தேன். இரண்டு வருடம் இலை மஞ்சளாகவே இருந்தது. தோண்டிப் பார்த்தால் அடித்தண்டின் பட்டை அழுகிப் பிசுபிசுக்கிறது. தண்டு அகன்று வேராகப் பிரிகிற கழுத்து எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குழி ஆழத்தில் வேர்க்கட்டி அளவு போதும், அகலத்தில்தான் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். சருகு மூடாக்கு மூன்று அங்குல உயரம், தண்டைச் சுற்றி ஒரு சாண் காலியாக.

உங்கள் செடிக்கு இப்படிச் செய்யுங்கள். இன்று தண்டைச் சுற்றி முக்கால் அடி தள்ளி மண்வெட்டியால் நேராக இறக்கி, வட்டத்தில் பாதியை மட்டும் வெட்டுங்கள். மூன்று வாரம் கழித்து மீதிப் பாதி. அதற்குள் வெட்டிய பக்கம் சல்லிவேர் விட்டிருக்கும். மேலே கிளையில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து. இன்னொரு மூன்று வாரம் கழித்து, சாயங்காலமாக, முதல் நாளே நன்றாக நனைத்துவிட்டு, வேரை மண்ணோடு சாக்கில் கட்டித் தூக்குங்கள். பத்து நாள் நிழல்வலை கட்டினால் நல்லது. இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

*

ரொம்ப நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடி நேற்று மாலை மண்வெட்டியோடு போனேன். கவாத்து செய்ய வேண்டிய கிளையைப் பிடித்து இழுத்தால் நுனியில் நார், சிலந்திவலை, சருகு எல்லாம் சேர்த்துப் பை மாதிரி ஒன்று தொங்குகிறது. பக்கவாட்டில் ஓட்டை, அதில் ஒரு வளைந்த மூக்கு. தேன்சிட்டு! நான் நகர்ந்த பிறகும் அது வெளியே வரவில்லை, முட்டையில் உட்கார்ந்திருக்கிறது போல.

வெயிலே இல்லை, பூக்காது என்று நான் கைவிட்ட மூலை அது. மண்வெட்டியைக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன். குஞ்சு பறக்க ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை அந்தப் பக்கத்துக் குழாயைக்கூடத் திறப்பதில்லை.