ஸ்டுட்கார்ட்ட சுத்தி கோட்டை, அரண்மனை பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

ஸ்டுட்கார்ட்_சாம்பார்:
வணக்கம் மக்களே. ஊர்ல இருந்து யாரு வந்தாலும் நாம உடனே நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு வண்டிய கெளப்பிடறோம். மூணு மணி நேரம் ட்ரைவ், டிக்கெட்ல போட்டிருக்க டைமுக்கு க்யூ, உள்ள ஒரு அரை மணி நேரம் சுத்திக் காட்டிட்டு வெளிய அனுப்பிடுவாங்க. பாக்க அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா 1869ல கட்ட ஆரம்பிச்சு, முழுசா முடிக்கறதுக்குள்ள 1886ல கட்டுன ராஜாவே செத்துப் போயிட்டாரு, மொத்தத்துல ஆறு மாசம் கூட அவரு அங்க தங்கல. நம்ம பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துலயே இவ்ளோ இருக்கும்போது எதுக்கு பவேரியா வரைக்கும் ஓடணும்னு எனக்கு ரொம்ப நாளா கேள்வி. அப்பா அம்மா சம்மர்ல வராங்க, நீங்க போயி பாத்தத சொல்லுங்க, ட்ரிப் அட்வைசர் மாதிரி வேணாம், உண்மையா எப்படி இருந்துச்சுன்னு.

நானே ஆரம்பிக்கறேன். லுட்விக்ஸ்பூர்க் அரண்மனை. எஸ்பான் லோக்கல் ட்ரெயின்ல ஏறுனா கொஞ்ச நேரத்துல வந்துடும், ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போலாம். 1704ல வேட்டைக்கு தங்கறதுக்குன்னு ஆரம்பிச்சது, பெருசாக்கி பெருசாக்கி 452 ரூம்ல வந்து நின்னிருக்கு. தங்க முலாம், சீலிங் பெயின்டிங், அதெல்லாம் எந்த அரண்மனையிலயும் இருக்கறதுதான், ஒரு அஞ்சாறு ரூம் தாண்டுனா கண்ணு மரத்துப் போயிடுது. எனக்கு புடிச்சது உள்ள இருக்கற தியேட்டர். 1758ல போட்ட மேடை மெஷின் இன்னும் இருக்கு, முழுக்க மரம், கயிறு. மேடைக்கு கீழ ஒரு பெரிய மர உருளை, அத சுத்துனா ரெண்டு பக்கமும் இருக்கற சீன் தட்டி எல்லாம் ஒரே நேரத்துல நகந்து காடு போயி ஊரு வந்துடும். கைடு சின்ன மாடல் ஒண்ண வெச்சு செஞ்சு காட்டுனாங்க, எங்கூட வந்த வாண்டு அதுக்கப்புறம் எந்த ரூமையும் பாக்கல, திரும்ப அங்கயே போலாம்னு ஒரே அழுகை.

செப்டம்பர் அக்டோபர்ல போனா தோட்டத்துல பரங்கிக்காய் கண்காட்சி நடக்கும். பரங்கிக்காய அடுக்கி யானை, டைனோசர்னு என்னென்னவோ செஞ்சு வெப்பாங்க. ஒருநாள் ராட்சச பரங்கிக்காய கொடஞ்சு அதுக்குள்ள உக்காந்து குளத்துல துடுப்பு போட்டு ரேஸ் விடுவாங்க, நம்பலன்னா போயி பாத்துக்கோங்க.

கோவை_மலையேறி:
நம்ம ஓட்டு ஹோஹென்சோலர்னுக்குதானுங்க. ஆனா எல்லாரும் பண்ற மாதிரி நேரா கோட்டைக்கு போயிராதீங்க. மொதல்ல எதிர்த்த மலை, செல்லர்ஹார்ன்னு பேரு, ஓன்ஸ்ட்மெட்டிங்கன் பக்கம் வண்டிய போட்டுட்டு காட்டு வழியா நடந்தா மலை விளிம்புக்கு வந்துரலாம், அங்கிருந்து பாத்தா கோட்டை நம்ம கண்ணுக்கு கீழ இருக்குமுங்க. கோட்டை 855 மீட்டர், இது 900க்கு மேல. நாங்க அக்டோபர்ல வெடியக்காலம் போனோம், பள்ளத்தாக்கு பூரா மேகம், கோபுரம் மட்டும் மேல நிக்குது. கேமரா ஸ்டேண்டோட ஏற்கனவே ஒரு கூட்டம் எடம் புடிச்சு உக்காந்திருந்துச்சு, அது வேற கதை.

அப்புறமா உள்ள போனோம். இது ஆயிரம் வருசத்து கோட்டைன்னு நெனச்சுட்டு நெறைய பேரு போறாங்க. இது மூணாவது கோட்டைங்க. மொதல் கோட்டைய 1423ல முற்றுகை போட்டு இடிச்சுட்டாங்க, அப்புறம் கட்டுனது பராமரிப்பு இல்லாம பாழாப்போச்சு, இப்ப நிக்கறது 1850ல ஆரம்பிச்சு 1867ல முடிஞ்சது. பிரஷ்யா ராஜா எங்க பரம்பரை இந்த மலையில இருந்துதான் வந்துச்சுன்னு ஊருக்கு காட்டறதுக்காக கட்டுனது. அதாவது நம்மூரு சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டுன காலமும் இது கட்டுன காலமும் கிட்டத்தட்ட ஒண்ணுதானுங்க. மேல இருக்கறதுல பழைய காலத்துது ஒரு கத்தோலிக்க சேப்பல் மட்டும்தான். பொக்கிஷ ரூம்ல கடைசி கைசர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தியோட கிரீடம் இருக்குது, பழைய பிரஷ்யா ராஜா ஃபிரெடெரிக்கோட மூக்குப்பொடி டப்பாவும் இருக்குது. அந்த டப்பா சண்டையில குண்டு பட்டு நசுங்கி அவரு உசுர காப்பாத்துனதாம். கிரீடத்த விட அதத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன்.

நெக்கார்_அண்ணை:
தம்பி சொன்னது சரி, ஆனா உந்தக் கோட்டையைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லோணும். நான் இஞ்ச வந்தது எண்பதுகளில. அகதியா வந்த பெடியளுக்கு அப்ப ஊர் சுத்திப் பாக்கிறது லேசுப்பட்ட விசயமில்லை, குடுத்த மாவட்டத்தை விட்டு வெளியில போறதெண்டா பெர்மிஷன் எடுக்கோணும், எடுக்காமல் போய்ப் பிடிபட்டா தண்டம். ரெயில் யன்னலுக்குள்ளால மலைக்கு மேல உந்தக் கோட்டை தெரியும், பாத்துக்கொண்டு போறதோட சரி. பிறகு விசா சரிவந்த உடன நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து முதல் போன இடம் உதுதான்.

அந்தக் காலத்தில உள்ளுக்க போக முதல் சப்பாத்துக்கு மேல பெரிய கம்பளிச் செருப்பு ஒண்டு மாட்டச் சொல்லுவினம், மர நிலத்தில கீறல் விழக்கூடாதெண்டு. அது எல்லாக் காலுக்கும் ஒரே சைஸ், தூக்கி நடக்கேலாது, இழுத்து இழுத்துத்தான் போகோணும். எங்கட பெடியள் சும்மா இருப்பாங்களே, மண்டபத்தின்ர ஒரு தொங்கலில இருந்து மற்றத் தொங்கலுக்கு வழுக்கிக்கொண்டு போனாங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டு வந்த மனுசி பேசிப்போட்டுப் பிறகு தானும் சிரிச்சிட்டா. அந்தநேரம் ஃபிரெடெரிக் ராசாவின்ர பெட்டியும் அங்கதான் இருந்தது. யுத்தத்தில பெட்டியை மாறி மாறிக் கொண்டு திரிஞ்சு கடைசியில இஞ்ச கொண்டுவந்து வைச்சவை. 1991இல பெர்லினுக்குப் பக்கத்தில போட்ஸ்டாமுக்குக் கொண்டுபோய் அவர் கேட்டமாதிரியே தன்ர நாயளைப் புதைச்ச இடத்துக்குப் பக்கத்தில தாட்டவை. செத்து இருநூறு வருசத்துக்குப் பிறகுதான் மனுசன்ர கடைசி ஆசை நிறைவேறினது. டிவியில காட்டேக்க வேலையிடத்தில எல்லாரும் நிண்டு பாத்தனாங்கள்.

ராய்ட்லிங்கன்_மாணவி:
அண்ணை அந்த ரெயில் ஜன்னல் விஷயம் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்டியே உக்காந்துட்டேன்.

நான் சொல்றது லிஷ்டென்ஷ்டைன் கோட்டை. தனி நாடு இல்ல, அது வேற, கூகுள் மேப்ல போடும்போது கவனம். ராய்ட்லிங்கன்ல இருந்து பஸ் இருக்கு, ஹோனாவுல எறங்குனா செங்குத்தா ஒரு காட்டுப்பாதை ஏறணும், மூச்சு வாங்கும். இதுவும் பழசு கிடையாது, 1840ல இருந்து 1842க்குள்ள கட்டுனது. ஆனா காரணம்தான் செம. ஹவுஃப்னு ஒரு எழுத்தாளர் 1826ல இதே பேர்ல ஒரு சரித்திர நாவல் எழுதறாரு, நாடு பறிபோன ராஜா இங்க வந்து ஒளிஞ்சிருந்த மாதிரி கதை. அத படிச்சிட்டு வில்ஹெல்ம்னு ஒரு கவுன்ட், ராஜா குடும்பத்து ஆளு, கதையில வர்ற மாதிரியே எனக்கு ஒரு கோட்டை வேணும்னு பாறை மேல கட்டிட்டாரு. கல்கி படிச்சிட்டு பழையாறைக்கு டூர் போறவங்கள தெரியும், படிச்சிட்டு மாளிகையே கட்டுன ஆள இங்கதான் பாத்தேன். இப்பவும் அந்த குடும்பத்துக்குதான் சொந்தம்.

உள்ள ரொம்ப சின்னது, சீக்கிரம் முடிஞ்சிடும், போட்டோ எடுக்க விடமாட்டாங்க. கோட்டைக்கு போற பாலத்துல நின்னு கீழ எட்டிப் பாருங்க, அதுக்கே வயிறு கலங்கும். பக்கத்துலயே நாவல்ல வர்ற நேபல்ஹோலே குகையும் இருக்கு, வெயில் காலத்துல கூட உள்ள ஜில்லுன்னு இருக்கும், ஜாக்கெட் எடுத்துட்டு போங்க.

நாரோயில்_மக்கா:
எல்லாரும் புதுசா கட்டுன கோட்டையாவே சொல்லுதிய. ஒடஞ்சது பாக்கணும் மக்கா, அதுலதான் விஷயம் இருக்கு. ஹைடல்பெர்க்குக்கு போங்க. அங்க பெரும்பகுதிய எவனும் திரும்பக் கட்டி பாலிஷ் போடல. 1689லயும் 1693லயும் பிரெஞ்சுப் படை வந்து கொளுத்தி வெடி வச்சிட்டு போயிருக்கு. கொஞ்சம் சரி பண்ணி திரும்ப குடிவரலாம்னு இருக்கப்போ 1764ல இடி விழுந்து தீப்புடிச்சிட்டு. அதுக்கப்புறம் ஊர்க்காரனுவளே கல்ல பேத்து வீடு கட்ட கொண்டு போயிருக்கானுவ. அத தடுத்து இந்த இடிபாட காப்பாத்துனது யாருன்னு பாத்தா ஒரு பிரெஞ்சு கவுன்ட், கிரேம்பெர்க்னு பேரு. இடிச்சதும் அவனுவதான், காப்பாத்துனதும் அவனுவதான், எப்படி இருக்கு கத!

வெடி வச்ச கோபுரம் ஒண்ணு இருக்கு, அதுக்கு முன்னாடி போயி நில்லுங்க. ஆறு மீட்டருக்கும் மேல கனமான சுவரு, அப்படியே நேரா பொளந்து ஒரு பாதி சரிஞ்சு அகழியில கெடக்கு, தூளாவாம முழுசா ஒரே துண்டா. உள் அறையெல்லாம் அடுக்கு அடுக்கா வெளிய தெரியும், பொளந்த எடத்துல செடி மொளச்சி கெடக்கு. நான் அதுக்கு முன்னால நின்ன நேரத்துக்கு வீட்டுக்காரி கீழ போயி காபி குடிச்சிட்டு வந்துட்டா.

ஒயின் பீப்பாய் ஒண்ணு இருக்கு, 1751ல செஞ்சது, ரெண்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் புடிக்குமாம், மேல ஏறி டான்ஸ் ஆடுததுக்கு தளம் வேற. குடியானவன் வரியா குடுத்த ஒயின் நல்லது கெட்டது எல்லாத்தையும் இதுலதான் கலந்து ஊத்துவானுவளாம், ருசி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க.

ஸ்டுட்கார்ட்_சாம்பார்:
ப்ரோ அம்மாவுக்கு முழங்கால் வலி, ஹைடல்பெர்க்ல ஏற முடியுமா?

நாரோயில்_மக்கா:
படி வழியா கூட்டிட்டு போயிராதீங்க, 300க்கு மேல படி. கோர்ன்மார்க்ட்ல இருந்து மலை ரயில் இருக்கு, கோட்டை டிக்கெட்லயே அதுவும் சேந்து வரும். பீப்பாய், பழைய மருந்துக்கடை மியூசியம் எல்லாமே அதே டிக்கெட்தான். அம்மாவுக்கு அந்த மருந்துக்கடை புடிக்கும், ஜாடி ஜாடியா வேரு, பட்டை, கொம்புன்னு நம்மூரு நாட்டு மருந்துக்கடை வாசமே அடிக்கும்.

ஹைல்புரோன்_அக்கா:
இடிஞ்ச கோட்டைன்னா எங்க ஊருக்கு வாங்க, வைன்ஸ்பெர்க். ஹைல்புரோன்ல ட்ராம் ஏறுனா வந்துடும். மேல பெருசா ஒண்ணுமில்ல, சுவரு, ரெண்டு மூணு கோபுரம், சுத்தி திராட்சை தோட்டம். ஆனா கதைய தெரிஞ்சுகிட்டு போங்க. 1140ல கோன்ராட் ராஜா கோட்டைய வளைச்சுட்டாரு, உள்ள இருக்கவங்க சரண்டர் ஆயிட்டாங்க, ஆம்பளைங்க எல்லாரையும் கொல்லப் போறாங்க. பொம்பளைங்க மட்டும் தோள்ல எவ்ளோ தூக்க முடியுமோ அத எடுத்துட்டு வெளிய போலாம்னு ராஜா சொல்றாரு. நகை நட்டு எடுத்துட்டு வருவாங்கன்னு பாத்தா எல்லாரும் அவங்கவங்க புருஷன தோள்ல தூக்கிட்டு எறங்கி வராங்க. ராஜாவோட ஆளு ஒருத்தர் இது செல்லாதுன்னு குதிக்க, ராஜா குடுத்த வாக்க மாத்தக் கூடாதுன்னு விட்டுட்டாராம். பழைய வரலாற்றுக் குறிப்புலயே இருக்கற கதை, எவ்ளோ உண்மையோ.

போர்டுல இத படிச்சிட்டு திரும்பி எங்க வீட்டுக்காரர பாத்தேன். மனுஷன் 92 கிலோ. அவரா சொல்றாரு, நீ நகைய எடுத்துட்டு போயிடு, பசங்க படிப்புக்கு ஆவும்னு.

மேல இருக்கற தடிச்ச கோபுரத்துல கம்பி கட்டி வெச்ச ஹார்ப் மாதிரி ஒண்ணு இருக்கு, காத்தடிச்சா தானா சத்தம் வரும். நாங்க போன அன்னைக்கு காத்தே இல்ல. 1525 விவசாயிகள் கலகத்துல இந்த கோட்டைய எரிச்சதும் பெரிய வரலாறு, அத பத்தி தனியாவே எழுதலாம்.

ஃபெல்பாக்_பாட்டுக்காரர்:
சாம்பார் தம்பி, தூரமெல்லாம் எதுக்கு, உங்க ஊரு ரோட்டன்பெர்க்க யாருமே சொல்லல பாருங்க. உன்டர்டூர்க்ஹைம் ஸ்டேஷன்ல எறங்கி பஸ் புடிச்சா மேல கொண்டு போயி விட்டுடும், கொஞ்ச தூரம் நடை. வூர்ட்டம்பெர்க் ராஜ குடும்பத்தோட பூர்வீக கோட்டை இருந்த எடம், அத இடிச்சிட்டுதான் முதலாம் வில்ஹெல்ம் ராஜா செத்துப் போன பொண்டாட்டி கத்தரீனாவுக்கு கல்லறை மண்டபம் கட்டுனாரு, 1820ல இருந்து 1824 வரைக்கும். ரஷ்ய இளவரசி, முப்பது வயசுதான். வாசல் மேல அன்பு ஒருக்காலும் ஒழியாதுன்னு பைபிள் வசனம் பொறிச்சிருக்கு. ஆஹா என்ன காதல்னு உருகினேன், அப்புறம் ஊர்ல பேசிக்கறத கேட்டா, ராஜா இன்னொரு பொம்பளையோட இருக்கறத இந்தம்மா நேர்லயே போயி பாத்துட்டு வந்துதான் படுத்த படுக்கையானாங்கன்னு கதை. வசனம் யாருக்காக எழுதுனதுன்னு புரிஞ்சுது. எப்படியோ, மேல இருந்து நெக்கார் ஆறு, திராட்சை தோட்டம், மொத்த ஸ்டுட்கார்ட்டும் தெரியும். உள்ள போகணும்னா குளிர்காலத்துல போகாதீங்க, மூடியிருப்பாங்க.

ஹைல்புரோன்_அக்கா:
இன்னொரு விஷயம், திங்கக்கிழமை பல எடம் லீவு, போறதுக்கு முன்னாடி சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க. டாய்ச்லாண்ட் டிக்கெட்னு நாடு முழுக்க செல்லுற மாச பாஸ் வெச்சிருந்தா மேல சொன்ன எல்லா ஊருக்கும் லோக்கல் ட்ரெயின், பஸ்லயே போயிடலாம், ஐசிஇ வேக ட்ரெயின்ல மட்டும் ஏறிடாதீங்க. அப்பா அம்மா சைவம்னா கேஸ் ஷ்பேட்ஸ்லே, சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி, அத சொல்லுங்க, ஆனா மேல பன்றிக்கறி துண்டு தூவறாங்களான்னு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

கோவை_மலையேறி:
மவுல்பிரான் மடம் விட்டுப்போச்சுங்களே. 1147ல ஆரம்பிச்சது, யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்குது, வானியல் விஞ்ஞானி கெப்ளர் படிச்ச எடம். நோன்பு காலத்துல கறி திங்கக்கூடாதுன்னு, மேல இருக்கறவரு கண்ணுக்கு தெரியாம மாவுக்குள்ள ஒளிச்சு வெச்சு தின்ன சாமியாருங்க இங்கதான் மவுல்டாஷன்ங்கற கறி வெச்ச கொழுக்கட்டை மாதிரி பலகாரத்த கண்டுபுடிச்சாங்கன்னு சொல்றாங்க.

ராய்ட்லிங்கன்_மாணவி:
ஷ்வெட்சிங்கன் யாருமே சொல்லல? அரண்மனை சுமார்தான், உள்ள போகலனாலும் பரவால்ல, தோட்டத்துக்காகவே போலாம். நடுவுல ரோஸ் கலர்ல ரெண்டு மினாரோட ஒரு மசூதி நிக்கும், 18ஆம் நூற்றாண்டு கடைசியில ராஜா அழகுக்காக கட்டுனது, தொழுகைக்கு இல்ல. சுவத்துல அரபியிலயும் ஜெர்மன்லயும் பொன்மொழி எழுதியிருக்கும். ஏப்ரல்ல அதுக்குப் பக்கத்துலயே செர்ரி மரமெல்லாம் பூத்து நிக்கும், ஆனா அந்த சனி ஞாயிறுல ஊருக்குள்ள கார் நிறுத்த எடமே கிடைக்காது, காலைல தோட்டம் தொறக்கற நேரத்துக்கே போயிடுங்க.